நாலெழுத்துப் பூட்டு

பொறிகளின் கதை – 19

சென்ற இதழில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர் கார்களையும், தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் டைனமோவில் பேசிய வானொலியையும் பார்த்தோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, இலங்கையின் வடக்குக்குப் பெற்றோலும் பற்றறியும் வருவது நின்ற பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டார் செய்த வேலைகள் அவை. அவற்றைத் தட்டுப்பாட்டுக் காலத்துச் சாதுரியம் என்று மட்டும் எழுதிவிட்டு நகர எனக்கு மனமில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றியவருக்கு, குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பது கைப்பழக்கமாகத் தெரிந்திருந்தது. டைனமோவுக்கும் வானொலிக்கும் நடுவில் டயோட் வைத்தவர், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்காமல் பி.பி.சி. தமிழோசை கேட்க முடியாது என்று அறிந்திருந்தார். தயாரித்தவர் நினைத்திராத வேலையை ஒரு பொறியிடம் வாங்குவதற்குப் பொறியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த அறிவு இன்னொரு வகைப் பெட்டிக்குள் நுழைந்த கதை இந்த இதழில். அந்தப் பெட்டி, ரி.வி.யோடு இணைத்து விளையாடும் கேம் பெட்டி.

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3ஆம் திகதி ஜப்பானில் வெளிவந்தது. ஐரோப்பாவுக்கு அது வந்தது 1995 செப்டெம்பர் கடைசியில். அடுத்த மாதம் 30ஆம் திகதி குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மின்சாரமே இல்லாத குடாநாட்டில் அந்தப் பெட்டிக்கு இடமில்லை. யாழ்ப்பாணத்தின் கேம் பெட்டிக் கதை அதனால் யாழ்ப்பாணத்தில் தொடங்கவில்லை. ஸ்காபரோவின் மாடிக் குடியிருப்புகளிலும் லண்டன் ஈஸ்ற்ஹாமிலும் பரிஸ் லா சப்பலிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் அது தொடங்கியது. ஒரே குடும்பத்தின் அண்ணன் ஒரு கண்டத்தில், தங்கை இன்னொன்றில், சின்னம்மா மூன்றாவதில் என்று சிதறிய காலம் அது.

சோனியும் உலகத்தைப் பிரித்து வைத்திருந்தது. ஜப்பானும் அதைச் சேர்ந்த சந்தைகளும் ஒரு வலயம், அமெரிக்காவும் கனடாவும் ஒரு வலயம், ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் இன்னொரு வலயம். கனடாப் பெட்டி கனடா வலயத்து இறுவட்டை மட்டும் வாசிக்கும். லண்டனில் வாங்கியது லண்டன் வலயத்து இறுவட்டை மட்டும் வாசிக்கும். விலையையும் வெளியீட்டு நாளையும் வலயத்துக்கு வலயம் வேறாக வைக்கும் வணிக ஏற்பாடு இது. சிதறாத குடும்பத்துக்கு இது கண்ணிலேயே படாது. பிறந்தநாளுக்குப் பரிஸிலிருந்து மாமா அனுப்பிய இறுவட்டு, ரொறன்ரோவில் இருக்கும் மருமகனின் பெட்டியில் ஓடாது என்ற இடத்தில்தான் இந்தப் பூட்டு தெரியவரும். யாழ்ப்பாணத்தவரின் உறவு வரைபடமும் சோனியின் சந்தை வரைபடமும் இப்படிக் குறுக்கும் மறுக்குமாக விழுந்தன.

பூட்டு எப்படி வேலை செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனென்றால் அது அழகான வேலை. பிளேஸ்டேஷன் இறுவட்டின் உள்விளிம்பில், தரவு தொடங்குவதற்கு முன்னுள்ள பகுதியில், தடம் நேராக ஓடாமல் மிக நுண்ணிய அளவில் நெளிந்து ஓடும். அந்த நெளிவிலேயே நாலு எழுத்துகள் பதிந்திருக்கும். ஜப்பானுக்கு எஸ்.சி.இ.ஐ., அமெரிக்காவுக்கு எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பாவுக்கு எஸ்.சி.இ.இ. வீட்டுக் கணினியில் இறுவட்டை எழுதும் கருவியால் தரவை முழுதாகப் பிரதியெடுக்கலாம், நெளிவை எழுத முடியாது. பெட்டி முதலில் நெளிவை வாசிக்கும். தன் வலயத்து நாலெழுத்து கிடைத்தால் மட்டும் மேலே போகும்.

அதை உடைத்த சாதனம் எட்டுக் கால் கொண்ட ஒரு சின்னச் சிப். பெரும்பாலும் பிக் 12சி508 என்ற, அன்று மின்னணுக் கடைகளில் கிடைத்த மலிவான நுண்கட்டுப்படுத்தி. அதை உள்ளே வைத்து, சில மெல்லிய வயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தால், இறுவட்டில் என்ன இருந்தாலும் பெட்டி எதிர்பார்க்கும் நாலெழுத்தை அதுவே அனுப்பிவிடும். மொட் சிப் என்று உலகம் முழுவதும் பெயர்பெற்றது இதுதான். சோனி சும்மா இருக்கவில்லை. பின்னாளில் வந்த சில விளையாட்டுகள் அந்த நாலெழுத்து தேவையற்ற வேளையிலும் வருகிறதா என்று பார்த்து, வந்தால் நின்றுவிடும். அதற்குப் பதிலடியாக, வேலை முடிந்ததும் வாய்மூடும் சிப்புகள் வந்தன.

இதை வெறும் திருட்டு இறுவட்டுக் கதையாகச் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதில் பெரும்பங்கு உண்மை இருக்கிறது. மொட் சிப் வாங்கியவர்களில் மிகப் பலர் மலிவான பிரதிகளை ஓட்டவே வாங்கினார்கள், அந்த விளையாட்டுகளை ஆக்கிய உழைப்பாளிகளுக்கு ஒரு சதமும் போகவில்லை. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய உண்மையான இறுவட்டையும் அதே பூட்டு நிறுத்தியது. இந்த இரண்டாவது பக்கம் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது.

சிட்னியில் மொட் சிப் விற்ற எடி ஸ்ரீவன்ஸ் என்பவர் மீது சோனி வழக்குத் தொடர்ந்தது. 2002இல் முதல் தீர்ப்பு ஸ்ரீவன்ஸுக்குச் சாதகம், 2003இல் மேன்முறையீட்டில் சோனிக்குச் சாதகம். 2005 அக்டோபர் 6ஆம் திகதி அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம், அந்த நாட்டின் இறுதி நீதிமன்றம், ஸ்ரீவன்ஸ் பக்கம் நின்றது. நீதிபதிகள் பிடித்துக்கொண்ட புள்ளி நுட்பமானது. நாலெழுத்துச் சோதனை பிரதியெடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த பிரதியை ஓடவிடாமல் மட்டும் தடுக்கிறது. அன்றைய சட்டம் பாதுகாத்ததோ பிரதியெடுத்தலைத் தடுக்கும் ஏற்பாடுகளை. ஆகவே இந்தச் சிப் அந்தச் சட்டத்துக்குள் வராது. வழக்கின் இடையில் அந்நாட்டின் நுகர்வோர் ஆணைக்குழுவும் நீதிமன்றத்துக்கு வந்து, வலயப் பூட்டு நுகர்வோரைக் கட்டிப்போடுகிறது என்று வாதிட்டது. அமெரிக்காவுடனான வணிக உடன்படிக்கையை ஒட்டிச் சட்டம் பிறகு இறுக்கப்பட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் பிரதியெடுத்தலைத் தடுக்கும் ஏற்பாட்டை முறியடிக்கவென்றே செய்த சாதனங்களைப் பற்றித்தான் பேசுகிறது. கன்பராவில் எழுந்த அதே கேள்வி கொழும்பிலும் அதே சொற்களின் மேல் எழ முடியும் என்பது என் வாசிப்பு.

சிப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்தத் தொடருக்கு முக்கியமான விஷயம் தவறிவிடும். பிறர் செய்த விளையாட்டை ஓட்டுவது ஒன்று, தான் எழுதிய நிரலைத் தன் பெட்டியில் ஓட்டுவது வேறொன்று. இந்த இரண்டாவதைத்தான் ஹோம்புரூ என்கிறார்கள். நிறுவனத்தின் அனுமதியும் கையொப்பமும் இல்லாமல், ஆர்வலர்கள் தாங்களே எழுதி ஓட்டும் மென்பொருள். சோனியே இதற்கு ஒரு சின்னக் கதவைத் திறந்தது. 1997இல் நெட் யாரோஸ் என்ற கறுப்புப் பிளேஸ்டேஷனை, நிரல் எழுதும் கருவிகளோடு சுமார் 750 டொலருக்கு விற்றது. அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வலயப் பூட்டும் இல்லை. 2001இல் வந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்பொக்ஸை, எம்.ஐ.டி. மாணவர் அன்ட்ரூ ஹுவாங் சிப்புகளுக்கு இடையே பாயும் தரவை ஒட்டுக்கேட்டு உடைத்தார். அப்படித் திறந்த எக்ஸ்பொக்ஸ்களுக்காக ஆர்வலர்கள் எழுதிய படம் பார்க்கும் மென்பொருள்தான், பெயர் மாறி, 2014 முதல் கோடி என்று அழைக்கப்படுகிறது. இன்று புலம்பெயர் வீடுகளில் ரி.வி.ப் பெட்டிகளில் கோடியை வைத்துப் படம் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு பூட்டுடைத்த கேம் பெட்டியில் பிறந்தது என்று தெரியும்?

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி திறந்தது. வெளிநாட்டு உறவுகள் பன்னிரண்டு, பதினைந்து வருடங்களுக்குப் பிறகு வீட்டு முற்றத்தில் கால் வைத்தார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மூடியது. 2009க்குப் பிறகு மறுபடி வரத் தொடங்கினார்கள். கனடாப் பிள்ளைகள் வளர்ந்து விட்டுவிட்ட கேம் பெட்டி, ஊரிலுள்ள மச்சான் பிள்ளைகளுக்கென்று பெட்டி படுக்கையோடு வரத்தக்க பொருள். அது வந்து இறங்கிய இடத்தில் வலயப் பூட்டுக்கு முன்னால் இன்னொரு தடை நின்றது. கனடா மின்சாரம் 120 வோல்ட், இலங்கையில் 230. கனடாப் பெட்டியின் மின்வழங்கியை அப்படியே சுவரில் செருகினால் அது அங்கேயே முடிந்தது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும், இல்லாவிட்டால் லண்டன் மின்வழங்கி ஒன்று வேண்டும். அதைத் தாண்டினால் படம். கனடாவின் அன்றைய ஒளிபரப்பு முறை என்.ரி.எஸ்.சி., இலங்கையின் முறை பால். பழைய ரி.வி.யில் கனடாப் பெட்டியின் படம் நிறமிழந்து கறுப்பு வெள்ளையாகலாம், உருளலாம். பால் வலயத்துக்கென்று வந்த பல விளையாட்டுகளோ, விநாடிக்கு 60 தடவைக்குப் பதிலாக 50 தடவை படம் மாறுவதைச் சரிக்கட்டாமல் வந்ததால், ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓடின. பொறி தெரிந்த ஒருவருக்கு இவை எல்லாம் தீர்க்கக்கூடிய கணக்குகள். டைனமோவுக்கு டயோட் வைத்த ஊருக்கு ட்ரான்ஸ்போமர் புதிதில்லை. எஞ்சியது பூட்டு.

அப்படியொரு பூட்டை ஈயமும் வயரும் இல்லாமல், வெறும் மெமரி கார்ட்டைக் கொண்டு திறந்த காலத்துக்கு இப்போது வருகிறோம். நின்டெண்டோ 2006 நவம்பரில் வெளியிட்ட வீ, பத்துக் கோடிக்கு மேல் விற்ற பெட்டி. அதைத் திறந்தவர்கள் ரீம் ட்வீசர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு சின்னக் குழு. அதில் பென் பயர், எக்டர் மார்ட்டின் என்ற இருவர் பின்னாளில் பரவலாக அறியப்பட்டார்கள். பயர் 2016இல் இளவயதிலேயே காலமானார். மார்ட்டின் பிறகு அப்பிள் கணினிகளில் லினக்ஸை ஓட்டும் அசாகி திட்டத்தைத் தொடங்கியவர்.

அவர்களின் முதல் கருவி ஒரு சாமணம். வீ பெட்டி தன் முன்னோடியான கேம்கியூப்பின் விளையாட்டுகளையும் ஓட்டும். அப்படி ஓட்டும்போது பழைய விளையாட்டுக்கு நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டி, மீதியை மறைத்துவிடும். மறைத்த பகுதியை அழித்துத் துடைக்கவில்லை என்பதை இவர்கள் கவனித்தார்கள். கேம்கியூப் நிலையில் தாங்கள் எழுதிய நிரலை ஓட விட்டு, மின்பலகையில் நினைவகத்தின் முகவரிக் கம்பிகள் இரண்டைச் சாமணத்தின் நுனியால் தொட்டு இணைத்தார்கள். உடனே பெட்டி காட்டும் சாளரம் இடம்மாறி, மறைத்த பகுதி தெரிந்தது. இடம் மாற்றி மாற்றித் தொட்டு முழுவதையும் எடுத்தார்கள். அதற்குள் வீயின் இரகசியத் திறப்புகள் கிடந்தன.

திறப்பு கிடைத்தால் மறைகுறியை வாசிக்கலாம், நின்டெண்டோவின் கையொப்பத்தைப் போட முடியாது. ஆனால் கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரலில் ஒரு பிழை இருந்தது. ஒரு நிரலின் 20 பைற் சுருக்கக் குறியைக் கையொப்பத்திலிருந்து வரும் குறியோடு ஒப்பிடவேண்டிய இடத்தில், சொற்களை ஒப்பிடும் செயற்கூறு ஒன்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது பூச்சியம் ஒன்றைக் கண்டதும் சொல் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடும். ஆகவே கையொப்பம் முழுவதும் பூச்சியமாக வைத்து, நிரலின் பயனற்ற ஒரு மூலையில் எண்களை மாற்றிக்கொண்டே போய், சுருக்கக் குறியின் முதல் பைற் பூச்சியமாகும் வரை முயன்றால் போதும். 256இல் ஒரு வாய்ப்பு. கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை. இரண்டு பக்கமும் முதல் இடத்திலேயே பூச்சியம், ஒப்பீடு முடிந்தது, கையொப்பம் சரி என்று பெட்டி ஏற்றுக்கொள்ளும். கோடிக்கணக்கான பெட்டிகளின் பூட்டு இந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை முதலில் வாசித்தபோது எனக்குப் பெரும் வியப்பு.

சாதாரண வீட்டுக்குள் இதைக் கொண்டுவந்தது ஒரு குதிரை. செல்டா வரிசையின் ட்வைலைட் பிரின்சஸ் விளையாட்டில் கதாநாயகனின் குதிரைக்கு நாமே பெயர் வைக்கலாம். பெயரின் நீளத்தை, சேமித்த கோப்பைத் திறக்கும்போது விளையாட்டு சரிபார்ப்பதில்லை. அளவுக்கு மீறிய பெயரைக் கோப்பில் எழுதி, அந்தப் பெயருக்குள்ளேயே நிரலைத் திணித்தால், விளையாட்டு பெயரை வாசிக்கப்போய் நிரலை ஓட்டிவிடும். 2008 பெப்ரவரியில் வெளிவந்த இந்த வழியால், எஸ்.டி. அட்டையும் அந்த விளையாட்டின் இறுவட்டும் உள்ள யாரும் தங்கள் வீயில் தாங்கள் விரும்பிய நிரலை ஓட்ட முடிந்தது. இங்கேயும் அந்த வலய வரைபடம் விடவில்லை. அமெரிக்க இறுவட்டுக்கு ஒரு கோப்பு, ஐரோப்பிய இறுவட்டுக்கு வேறொரு கோப்பு என்று பார்த்து எடுக்கவேண்டியிருந்தது. அதே ஆண்டு மே மாதம் ஹோம்புரூ சனல் வந்தது. ஒருமுறை நிறுவினால் போதும், வீயின் முகப்புத் திரையில் மற்ற சனல்களோடு ஒன்றாக அது நிற்கும். எஸ்.டி. அட்டையில் உள்ள நிரல்களை அதிலிருந்து திறக்கலாம்.

நின்டெண்டோ ஒவ்வொன்றாக அடைத்தது. குதிரையின் வழி அடைபட்டது, ஒப்பீட்டுப் பிழை திருத்தப்பட்டது. வேறு வழிகள் வந்தன. 2010 ஜூனில் வந்த 4.3 என்ற பதிப்பே வீயின் கடைசிப் பதிப்பானது. 2011 ஓகஸ்டில் வந்த லெற்றர்பொம் அந்தக் கடைசிப் பதிப்பிலும் வேலை செய்தது. அதற்கு எந்த விளையாட்டு இறுவட்டும் தேவையில்லை, ஆகவே வலயமும் தடையில்லை. பெட்டியின் வலைப்பின்னல் முகவரியைக் கொடுத்தால் அந்தப் பெட்டிக்கென்றே ஒரு கோப்பு கிடைக்கும். அட்டையில் போட்டுச் செருகினால் வீயின் செய்திப் பலகையில் குண்டுப் படம் போட்ட ஒரு கடிதம் தெரியும். அதைத் திறந்தால் நிறுவும் நிரல் ஓடத் தொடங்கும். முதலில் ஓர் எச்சரிக்கைத் திரை சில விநாடிகள் நிற்கும். இந்த மென்பொருளுக்கு யாராவது உங்களிடம் காசு வாங்கியிருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள், காசைத் திருப்பிக் கேளுங்கள் என்ற கருத்து அதில் இருக்கும். இலவசமாகக் கொடுத்ததை விற்றுப் பிழைத்தவர்கள் உலகெங்கும் இருந்ததால் வந்த திரை அது.

அடுத்து வருவது அவசரப்படக்கூடாத இடம். இதே நிறுவும் நிரல் பூட்மீ என்ற இன்னொன்றையும் தரும். பெட்டியின் 512 மெகாபைற் உள்நினைவகத்தை அப்படியே அட்டையில் பிரதியெடுத்து வைப்பது அதன் பெரிய பயன். வீயின் உள்ளே தவறான கோப்பை எழுதினால், வேறு வலயத்து முகப்புத் திரையைப் போட்டால், பெட்டி செங்கல்லாகிவிடும். பிரதி கையில் இருந்தால் மீட்கலாம். தொடக்க காலத்து வீ பெட்டிகளில் பூட்மீயை மிக அடித்தளத்தில் பதிக்க முடியும், அவற்றை ஏறக்குறைய எந்தச் சேதத்திலிருந்தும் எழுப்பலாம். பிற்காலப் பெட்டிகளில் அந்த அடித்தளத்தைச் சிப்பிலேயே திருத்திவிட்டார்கள். ஆகவே பழைய பெட்டிதான் பாதுகாப்பான பெட்டி. கனடாவிலிருந்து பழசென்று கழித்து அனுப்பிய பெட்டிக்கு இது ஒரு பெருமை.

ட்வீசர்ஸ் குழு திருட்டு விளையாட்டுகளுக்கு எதிராகவே நின்றது. அவர்கள் திறந்த கதவால் மற்றவர்கள் அந்த வேலையையும் செய்தார்கள், அதைத் தடுக்க அவர்களால் முடியவில்லை. அதற்காகக் கதவே திறந்திருக்கக்கூடாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. உண்மையான இறுவட்டை எந்த வலயத்திலும் ஓட்டும் சிறு நிரல், டி.வி.டி. பார்க்கும் நிரல், பழைய கணினிகளின் மென்பொருளை ஓட்டும் நிரல், லினக்ஸ் என்று பெட்டியின் சொந்தக்காரருக்கு நேரே பயன்பட்டவை அந்தக் கதவால்தான் வந்தன. டி.வி.டி. வாசிக்கும் கருவியைக் கொண்ட வீக்கு நின்டெண்டோ கடைசிவரை டி.வி.டி. படம் பார்க்கும் வசதியைக் கொடுக்கவே இல்லை.

2014 மே 20ஆம் திகதி நின்டெண்டோ வீயின் இணையவழி விளையாட்டுச் சேவையை நிறுத்தியது. 2019 ஜனவரி 30ஆம் திகதி வீயின் இணையக் கடை மூடியது. அதில் மட்டுமே விற்ற விளையாட்டுகளை அன்றுமுதல் எங்கும் வாங்க முடியாது. நிறுத்திய சேவைகளுக்குப் பதிலாக விம்ஃபி, வீலிங்க் போன்ற சேவையகங்களை ஆர்வலர்கள் தாங்களே எழுதி நடத்துகிறார்கள். அவற்றோடு இணைவதற்கு வழக்கமான வழி ஹோம்புரூ சனலோடு தொடங்குகிறது. அந்தச் சனலின் கதைக்கும் 2025 ஏப்ரலில் ஒரு கசப்பான அத்தியாயம் சேர்ந்தது. ஏறக்குறைய எல்லா வீ ஹோம்புரூ நிரல்களும் அடித்தளமாகக் கொண்ட லிப்ஓஜிசி என்ற நிரல்தொகுப்பின் பகுதிகள், ஆர்.ரி.இ.எம்.எஸ். என்ற திறந்த மூலத் திட்டத்திலிருந்து உரியவரின் பெயரை அகற்றி எடுக்கப்பட்டவை என்று மார்ட்டின் குற்றஞ்சாட்டி, சனலின் மூல நிரல் களஞ்சியத்தை மூடிவைத்தார். பூட்டை உடைத்தவர்களே உழைத்தவர் பெயர் இல்லாமல் எதுவும் ஓடக்கூடாது என்று சண்டையிட்ட அந்த விவகாரத்தையும், அங்கிருந்து கைத்தொலைபேசிகளுக்குத் தாவிய பூட்டையும் அடுத்த இதழில் பார்ப்போம்.